அரிசியும் அங்கீகாரமும்

நுழையும்முன்

ஒரு நாட்டை ஆளும் உரிமை தமக்கே உண்டு என இரண்டு அரசுகள் கூறினால், பிற நாடுகள் எதனை ஏற்பது? பன்னாட்டு உறவில் இவ்வேற்பை ‘அங்கீகாரம்’ என்பர். அங்கீகாரம் பெற்ற அரசே தூதரை அனுப்பும், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும், உலக அவைகளில் அந்நாட்டின் பெயரால் பேசும். வல்லரசுகள் இம்முடிவை எடுக்கப் பல்லாண்டுகள் காத்திருக்க இயலும். சிறிய நாட்டுக்கோ அது மக்களின் உணவோடு பிணைந்துவிடுவதுண்டு. இலங்கையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

இரு சீன அரசுகள்

1949 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசு தைவானுக்கு இடம்பெயர்ந்து, சீனா முழுமைக்கும் தானே அரசு என்றது. அமெரிக்கா தைவான் அரசையே ஏற்றது. இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று பெய்ஜிங் அரசை அங்கீகரித்தது. 1950 ஜனவரித் தொடக்கத்தில் பிரிட்டனும் இலங்கையும் அவ்வாறே செய்தன.

இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா பொதுவுடைமைக் கொள்கையை எதிர்த்தவர். எனினும் அவருடைய அரசு பெய்ஜிங்கை ஏற்றது. ஓர் அரசை அங்கீகரிப்பது அதன் கொள்கையைப் பாராட்டுவதாகாது; நாட்டை உண்மையில் ஆள்பவர் யார் என்பதை ஒப்புக்கொள்வதே ஆகும். அங்கீகாரமும் தூதரக உறவும் ஒன்றல்ல என்பதும் இங்குக் கருதத்தக்கது. இவ்விரு நாடுகளிடையே தூதரக உறவு 1957இல்தான் ஏற்பட்டது.

ரப்பருக்கு அரிசி

கொரியப் போரின்போது, 1951 மே மாதம், சீனாவுக்குப் போர்த்தளவாடங்கள் அனுப்பலாகாது என ஐ.நா. பொதுச்சபை பரிந்துரைத்தது. இலங்கை அப்போது ஐ.நா.வின் உறுப்பு நாடன்று. 1952இல் ரப்பரின் விலை சரிந்தது. அரிசியோ கிடைத்தற்கு அரிதாயிற்று. ஆகவே 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் இலங்கை 50,000 டன் ரப்பர் வழங்க, சீனா 2,70,000 டன் அரிசி வழங்கும் என்பது அதன் சாரம். இதனால் அமெரிக்க உதவி சில ஆண்டுகள் இலங்கைக்குக் கிட்டவில்லை. எனினும், புதுப்பிக்கப்பட்டுவந்த அவ்வொப்பந்தம் 1982 வரை நீடித்தது.

ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தோருள் தமிழகத்திலிருந்து சென்றோரின் வழிவந்தவர்களும் இருந்தனர். தொலைவிலுள்ள அரசை அங்கீகரித்த இலங்கை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோரைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை என்பது வரலாற்றின் முரண்.

இரு ஜெர்மனிகள்

கிழக்கு ஜெர்மனியை ஏற்கும் நாடுகளுடன் உறவை முறித்துக்கொள்வதாக மேற்கு ஜெர்மனி எச்சரித்துவந்தது. 1964இல் கிழக்கு ஜெர்மனியின் துணைத் தூதரகம் கொழும்பில் இயங்க இலங்கை இசைந்தது. மேற்கு ஜெர்மனி தன் பொருளுதவியை நிறுத்தியது. முழு அங்கீகாரத்தை 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வழங்கியது. 1973இல் இரு ஜெர்மனிகளும் ஐ.நா.வில் இடம்பெற்றன.

காலம் தந்த விடை

1971 அக்டோபர் 25 அன்று, 76 நாடுகள் ஆதரிக்க, 35 நாடுகள் எதிர்க்க, சீனாவின் ஐ.நா. இடம் பெய்ஜிங் அரசுக்கு வழங்கப்பட்டது. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் இலங்கையும் அடங்கும். அமெரிக்கா பெய்ஜிங்குடன் தூதரக உறவு கொண்டது 1979இல்தான். இலங்கை 1950இலேயே எடுத்த முடிவு, அந்நாட்டு மக்களின் இலையில் சோறாயிற்று. அதே முடிவினால் இழந்த உதவிகளும் உண்டு. சிறிய நாட்டின் அயலுறவில் விலையில்லாத முடிவு என ஒன்றில்லை. எவ்விலையை, எவர் நலனுக்காகக் கொடுப்பது என்பதே வினா.