வில்லும் செம்மண்ணும்

புத்தளத்திலிருந்து வடக்கே வண்டியை விட்டால் வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் தாண்டி கலா ஓயாவோடு ஊர் முடிந்துவிடும். அக்கரை வில்பத்துக் காடு. அதன் மேற்கு எல்லை கடல். “அவ்வளவு தூரம் போய்ச் சிறுத்தை தென்படாவிட்டால்?” என்று கேட்பவர்கள் உண்டு. சிறுத்தை தன் இஷ்டத்துக்கு வரும், வராமலும் போகும். நான் அங்கே போகச் சொல்வது மண்ணையும் தண்ணீரையும் பார்க்க.

காட்டுக்குள் பரந்து கிடக்கும் ஆழமில்லாத நீர்நிலைகளுக்குப் பெயர் வில்லு. காட்டின் பெயரும் அதிலிருந்து வந்ததே. அனுராதபுரத்துக் குளங்களைப் போல எந்த அரசனும் கட்டியதல்ல. அணைக்கட்டு இல்லை, மதகு இல்லை. நிரப்புவது மழை, பள்ளம் பறித்ததும் மழைதான் என்கிறார்கள் புவியியலாளர்கள்.

அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கடலின் தரை அது. யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தாங்குவதும் அதே பாறைதான். எலுவன்குளத்துக்கு அருகே அறுவைக்காட்டில் அதை வெட்டிச் சீமெந்துக்கு அனுப்புகிறார்கள். வெட்டிய இடத்தில் கல்லாகிப்போன சிப்பிகள் தெரியும். மழைநீர் காற்றிலும் வேர்மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது, சோடாவைப் போல மெல்லிய அமிலமாகிவிடுகிறது. சுண்ணாம்புக்கல் அதற்குத் தாங்காது. கல் கரையக் கரைய மேல்மண் அமுங்கும். பாறையின் கூரையே இடிந்து விழுந்தால் யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணறு. மணல் போர்வையோடு மெதுவாக அமுங்கினால் வில்லு. ஆழத்தில் பெரிய வித்தியாசம், உறவில் ஒன்றுவிட்ட சகோதரங்கள். நிலாவரையில் மேலே நன்னீர், கீழே உப்பு. இங்கேயோ பெரும்பாலான வில்லுகளில் நன்னீர், ஒன்றிரண்டில் உப்பு.

இனி, இதே காட்டிலுள்ள குதிரைமலை. மலை என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். கடலோரம் எழுந்து நிற்கும் செம்மண் மேடு அது. ஆனால் அந்தச் சிவப்பு! ஈரக்கையால் ஒரு பிடி அள்ளினால் விரல் ரேகையெல்லாம் செம்பு நிறமாகும். இளவரசன் விஜயனின் ஆட்கள் கரையிறங்கித் தரையில் கையூன்ற, உள்ளங்கை செம்பாய்ச் சிவந்ததால் இடத்துக்குத் ‘தம்பபண்ணி’ என்று பெயர் வந்ததாக மகாவம்சம் சொல்கிறது. அது இந்த இடமே என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, மண் சாட்சி சொல்லத் தயங்காது.

அந்த மணலில் பெரும்பங்கு படிகக்கல். தன்னளவில் அது வெளிறிய நிறம். காற்று குவித்த பழைய மேட்டில் கலந்திருந்த இரும்புக் கனிமங்கள் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் துருவாகப் படிந்தன. நம் வீட்டு ஆணியில் ஏறும் துருவுக்கு உறவுதான். ஆய்வுகூடத்தில் அமிலம் விட்டுக் கழுவினால் சிவப்பு கழன்று வெள்ளை மணல் மிஞ்சும். கடலுக்கு அப்பால், தாமிரபரணி கடலில் சேரும் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டிலும் இதே வகைச் செம்மணல்தான். இரு கரையிலும் செம்பின் பெயர் இருப்பது தற்செயலோ என்னவோ, எனக்கு அதை நினைத்தாலே ஒரு சந்தோஷம்.

ஆக, பயணம் வீண்போகாது; சிறுத்தை பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனி முதல் ஆவணி வரை காய்ந்த காலம், அப்போது போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால், எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிறதா என்று புத்தளத்திலேயே விசாரித்துவிட்டு வண்டியை எடுங்கள்.