நஞ்சுக்குக் கணக்குக் கேட்போம்!



நஞ்சு புழங்கும் ஆலைகளிலே தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு என்ன? மூக்கை மூட ஒரு துணி. கையை மறைக்க ஒரு ஜோடி உறை. தூசு பறக்கும் இடமென்றால் ஒரு கட்டி வெல்லம். பீப்பாயின் மேலே மண்டையோடும் எலும்பும் வரைந்த ஒரு சீட்டு. அந்தச் சீட்டிலே எழுதியிருப்பதோ ஆங்கிலம்! பீப்பாயைத் திறந்து ஊற்றுகிறவனோ தமிழன்!

இவ்வளவையும் கொடுத்துவிட்டு, "இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். குறை இருக்கிறது, பெருங்குறை இருக்கிறது. பாம்பை வீட்டுக்குள்ளே வளர்த்துக்கொண்டு, காலுக்குச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்கிறான் ஒருவன். அவனிடம் நாம் கேட்க வேண்டியது இன்னொரு ஜோடி செருப்பா? அல்லது, பாம்புக்கு இந்த வீட்டிலே என்ன வேலை என்ற கேள்வியா?

அந்தக் கேள்வியைக் கேட்கவும், அதற்கு விடை காணவும் கற்றுத் தரும் பயிற்சி ஒன்று உலகத்தில் உண்டு. ஆலையிலே நச்சுப் பொருளைப் பிடித்து அடக்குவதல்ல, அதன் தேவையையே குறைப்பது எப்படி என்று கற்பிக்கும் பயிற்சி அது. அந்தப் பயிற்சி புதுவைக்கு வரவேண்டும். வந்தால் மேலாளர் அறையோடு நின்றுவிடாமல், இயந்திரத்தின் அடிவரை இறங்கி வரவேண்டும்.

இதைக் கேட்கப் புதுவைத் தொழிலாளிக்குத் தகுதி உண்டா என்று எவரேனும் ஐயுற்றால், 1936-ஐ நினைவூட்டுங்கள். ரோடியர், சவானா, கெப்ளே என்ற மூன்று பஞ்சாலைகள் இந்த நகரத்தை ஆட்டிப் படைத்த காலம். பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது திரும்பியது. பன்னிரண்டு பேர் பிணமானார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. உழைக்கும் நேரத்துக்கு எல்லை போட்டது புதுவை. உழைக்கும் இடத்திலே என்ன புழங்கலாம் என்பதற்கும் எல்லை போட அதற்கு உரிமை இல்லையா?

சரி, அந்தப் பயிற்சி எங்கே நடக்கிறது? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்று ஒரு நகரம். அதுவும் பஞ்சாலை நகரம். புதுவையைப் போலவே நூலும் தறியுமாக வளர்ந்து, பிறகு ஆலைகள் ஓய்ந்த நகரம். அந்த மாநிலம் 1989-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. நச்சுப் பொருள் பயன்பாட்டைக் குறைக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். அந்தச் சட்டத்தின் கீழ் லோவல் பல்கலைக்கழகத்திலே ஒரு நிறுவனமும் அமைந்தது.

சட்டம் என்ன சொல்லிற்று? குறிப்பிட்ட அளவுக்கு மேல் நச்சுப் பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆலையும், எந்தப் பொருள், எவ்வளவு, எதற்காக என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். அதைக் குறைக்க என்ன வழி என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை திட்டம் தீட்டவேண்டும். அந்தத் திட்டத்தைப் பயிற்சி பெற்ற, சான்றிதழ் வாங்கிய ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவரும் ஒருமுறை தேறியதோடு விட்டுவிட முடியாது; தொடர்ந்து படித்துச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். திட்டம் தீட்டும்போது தொழிலாளர்களுக்கு அறிவித்து, அவர்கள் கருத்தையும் கேட்கவேண்டும். இந்தச் செலவுக்குப் பணம்? நஞ்சைப் பயன்படுத்தும் ஆலைகள் கட்டும் கட்டணம்!

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. திட்டம் தீட்டுவது கட்டாயம். அதை நிறைவேற்றுவது கட்டாயமல்ல! ஆனாலும் பல ஆலைகள் நிறைவேற்றின. ஏன்? கணக்கை எழுதிப் பார்த்தபோதுதான் முதலாளிக்கே தெரிந்தது, காசு கொடுத்து வாங்கிய பொருளிலே ஒரு பங்கு காற்றோடும் கழிவோடும் போகிறதென்று. அறம் சொல்லிக் கேட்காதவனும் ஐந்தொகை சொன்னால் கேட்பான்!

அங்கே கற்பிக்கும் வழிகள் ஆறு. ஆறும் நம் தோழர்களுக்குப் புரியாதவை அல்ல.

ஒன்று, நச்சு மூலப்பொருளுக்குப் பதில் வேறு பொருள். இரும்புச் சாமானில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவத்தில் முக்குகிறார்கள். அது புற்றுநோய் தரும் பொருள். பல வேலைகளுக்கு அந்த இடத்திலே தண்ணீரில் கரைந்த சோப்புக் கரைசல் போதும். இரண்டு, செய்யும் சரக்கையே மாற்றி அமைப்பது. பாதரசம் நிரப்பிய காய்ச்சல்மானி போய், மின்னணுக் காய்ச்சல்மானி வந்ததே, அதைப்போல. மூன்று, செய்முறையை மாற்றுவது. நான்கு, பழைய இயந்திரத்தைக் கழித்துப் புதியதைப் போடுவது. ஐந்து, பராமரிப்பு: ஒழுகும் வால்வை அடைப்பது, திறந்து கிடக்கும் தொட்டிக்கு மூடி போடுவது. ஆறு, மிச்சப்பட்ட பொருளை அதே செய்முறைக்குள் மீண்டும் சுழலவிடுவது.

இதற்கு மேல் ஒரு விதியும் உண்டு. நஞ்சைக் காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டாலோ, தொழிலாளி தலையிலிருந்து இறக்கி ஊரார் தலையில் ஏற்றினாலோ, அது குறைப்பு ஆகாது. வாசலைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவதைத் துப்புரவு என்று யார் சொல்வார்கள்?

ஐந்தாவது வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்த வால்வு ஒழுகுகிறது என்பது யாருக்குத் தெரியும்? குளிர்ந்த அறையிலே கோப்புப் பார்ப்பவருக்கா? இரவு ஷிப்டிலே அதன் அடியில் நிற்பவனுக்கா? பயிற்சியிலே தொழிலாளிக்கு இடம் வேண்டும் என்பது தயவு கேட்பதல்ல. அவன் இல்லாமல் கணக்கே முழுமை அடையாது!

அறியாமைக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமா? பஞ்சாலைத் தோழர்களுக்குச் சாயத்தின் கதை சொல்கிறேன். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் லுட்விக் ரேன், 1895-லேயே சொன்னார், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருகிறதென்று. பென்சிடின் போன்ற பொருள்களே காரணம் என்பது பின்னால் உறுதியாயிற்று. ஆனால் ஜெர்மனி அத்தகைய பொருளை வெளிவிடும் சாயங்கள் ஏறிய துணிக்குத் தடை போட்டது 1994-ல்! அதையொட்டி இந்தியாவிலும் 1990-களில் நூற்றுக்கு மேற்பட்ட சாயங்கள் தடை செய்யப்பட்டன. துணி வாங்கும் சீமான் முகம் சுளித்ததும் சாயம் மாறிவிட்டது. சாயம் கலக்கிய கைகள் நூறாண்டு காத்துக் கிடந்தன. மாற்று இல்லாமலா இவ்வளவு காலம் காத்தோம்? கேட்கத் தெரியாமல் காத்தோம். கேட்டவர்கள் குரலுக்கு வலுவில்லாமல் காத்தோம்!

போபாலை மறக்க முடியுமா? 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரம் ஆயிரமாய் மக்கள் மாண்டார்கள். அங்கே செய்தது பூச்சிமருந்து. அந்த வாயுவைத் தொட்டி தொட்டியாய்ச் சேமித்து வைக்காமலே அதே பூச்சிமருந்தைச் செய்யும் முறை உலகத்தில் இருந்தது. ஆனால் டன் கணக்கில் சேமித்தார்கள். ஆளைக் குறைத்தார்கள், பயிற்சியைக் குறைத்தார்கள், குளிரூட்டும் இயந்திரத்தையும் நிறுத்தி வைத்தார்கள். குறைக்க வேண்டியது ஒன்று. அதை மட்டும் குறைக்கவில்லை!

"நடக்கக்கூடிய காரியமா இது?" என்று கேட்பவர்களுக்கு, லோவல் வரைக்கும் போக வேண்டாம்; காலாப்பட்டைக் காட்டலாம். உப்புநீரிலே மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழிலில், நெடுங்காலம் பாதரசத்தையே மின்வாயாகப் பயன்படுத்தி வந்தார்கள். பாதரசத்தின் கொடுமையை 1956-ல் ஜப்பானின் மினமாட்டா ஊர் உலகுக்குக் காட்டிவிட்டது. அங்கே ஆலைக்கழிவிலிருந்த பாதரசம் மீனுக்குள் புகுந்து, மீனைத் தின்ற மக்களை முடமாக்கிற்று. பாதரசமே இல்லாமல், நடுவிலே ஒரு மெல்லிய சவ்வை வைத்து அதே காஸ்டிக் சோடாவை எடுக்கும் முறையை 1985-லேயே மேற்கொண்டு இந்தியாவுக்கு முன்னோடியாக நின்றது காலாப்பட்டுக் கெம்பேப் ஆல்கலீஸ் ஆலை. குளோரினின் ஆபத்து அங்கே தீர்ந்துவிடவில்லைதான். ஆனால் பாதரசம் என்ற பாம்பு வீட்டுக்குள் வரவேயில்லை! செய்முறையை மாற்றினால் நஞ்சு போகும் என்பதற்கு நம் வாசலிலேயே சான்று.

அதே காலாப்பட்டிலே, 2023 நவம்பரில் ஒரு மருந்து ஆலையில் விபத்து நேர்ந்து, பத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் தீக்காயம் பட்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். வழி தெரிந்த ஊர். வேதனையும் தெரிந்த ஊர்.

இனி, தோழர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கும் அச்சத்துக்கு வருகிறேன். "நஞ்சு நஞ்சு என்று நாம் பேசினால், ஆலையைப் பூட்டிவிடுவார்களே! அடுப்பு எரிய வேண்டாமா?" நியாயமான அச்சம். ஏ.எப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டதைக் கண்ட ஊருக்கு அந்த அச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த காய்ச்சல்மானித் தொழிற்சாலை, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, பழைய இரும்புக் கடையிலே கிடந்தது 2001-ல் வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. உடல்நலம் கெட்டதென்று முறையிட்ட முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016-ல்தான். பதினைந்து ஆண்டு அலைச்சல்! வேலையைப் பறித்தது நஞ்சைப் பற்றிய பேச்சா? நஞ்சா?

நஞ்சைக் கொட்டிய ஆலைதான் ஒருநாள் பூட்டப்படுகிறது. நஞ்சைக் குறைத்த ஆலைக்கு நாளையும் உண்டு. ஆகவே ஆலை வாழட்டும், அடுப்பு எரியட்டும், நஞ்சு போகட்டும் என்பதே நம் முழக்கம்.

சட்டம் நம் பக்கம் இல்லையா? போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் நலத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய தகவலைக் கேட்டுப் பெறவும், ஆலைக்குள்ளோ, நிர்வாகம் அனுப்பிவைக்கும் பயிற்சி நிலையத்திலோ பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை என்று எழுதினார்கள். எத்தனை தொழிலாளிக்கு இது தெரிந்திருந்தது? எழுதிய உரிமை ஏட்டிலே உறங்கிற்று. பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தகவல் கேட்கும் உரிமை அதிலும் உண்டு. அதுவும் உறங்க வேண்டுமா? எழுப்புவது சங்கத்தின் வேலை!

ஆகவே, சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தட்டாஞ்சாவடியிலும் உள்ள தோழர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் பகுதிக்கு வரும் பீப்பாய், மூட்டை, சிலிண்டர் எல்லாவற்றின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய பாதுகாப்புக் குறிப்பைத் தமிழிலே கேளுங்கள். "இதற்கு மாற்று உண்டா? தேடிப் பார்த்தீர்களா?" என்று அடுத்த பேச்சுவார்த்தையில் எழுத்து மூலம் கேளுங்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் வட்டாரத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்புக்குப் பயிற்சி தரும் இடம் அது. சங்கத்தின் சார்பில் இருவரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. லோவலில் என்ன செய்தார்கள்? ஆலை நகரத்துப் பல்கலைக்கழகத்தை ஆலைக்குத் துணையாக்கினார்கள். நமக்கோ, காலாப்பட்டிலே புதுவைப் பல்கலைக்கழகம். பக்கத்திலே பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதே கடற்கரைச் சாலையிலே ரசாயன ஆலைகள். அறிவும் ஆலையும் அண்டை வீட்டில் இருந்துகொண்டு ஒன்றோடொன்று பேசாமலிருப்பது என்ன நியாயம்? நஞ்சைக் குறைக்கும் பயிற்சிக்கு அங்கே ஒரு நிலையம் அமையட்டும். செலவை நஞ்சு வாங்குகிறவர்கள் ஏற்கட்டும். பாடம் தமிழிலே நடக்கட்டும். முதல் வரிசையிலே, மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில், தொழிலாளி உட்காரட்டும்!

கடிகாரத்தைக் காட்டி எட்டு மணிக்கு மேல் முடியாது என்றார்கள் அன்றைய தோழர்கள். பீப்பாயைக் காட்டி, இது எதற்கு, இதற்கு மாற்று எங்கே என்று கேட்க வேண்டியவர்கள் இன்றைய தோழர்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்!