புயலுக்கு அஞ்சாத பூ

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்றொரு மாநிலம் உண்டு. அங்குள்ள வெண்மலைத் தொடரில் மிக உயர்ந்தது வாஷிங்டன் சிகரம். உயரம் 1,917 மீட்டர்தான். ஆனால் உலகிலேயே வானிலை மிகக் கொடியதாக உள்ள இடங்களுள் ஒன்று என்று அது பெயர் வாங்கியிருக்கிறது. 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியிலுள்ள வானிலை ஆய்வுக்கூடத்தில் மணிக்கு 372 கி.மீ. வேகக் காற்று பதிவாயிற்று. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் வீசிய புயலின்போது 408 கி.மீ. பதிவாகும் வரையில், காற்றுமானியால் நேரடியாக அளக்கப்பட்ட வேகங்களில் இதுவே முதலிடத்தில் இருந்தது.

இச்சிகரத்தின் தென்மேற்கே, மன்றோ சிகரத்தை ஒட்டி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சரளைக்கல் பரவிய ஒரு வெளி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். அந்தச் சிறு வெளிதான் ஒரு மஞ்சள் பூச்செடியின் தாயகம். செடியின் அறிவியற் பெயர் பொட்டன்டில்லா ராபின்சியானா. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'ராபின்ஸ் சிங்க்ஃபாயில்' என்பார்கள். சிங்க்ஃபாயில் என்றால் 'ஐந்திலை' என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இந்த இனத்தின் இலையில் இருப்பவை மூன்று சிற்றிலைகளே! அதே வெண்மலையின் பிராங்கோனியா முகட்டில் இன்னும் ஒரு சிறு கூட்டம் உண்டு. இவ்விரண்டையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதாகத் தெரியவில்லை.

காற்றை ஏமாற்றும் உருவம்

செடி நம் கைக்கடிகாரத்தின் முகப்பு அளவுதான் இருக்கும். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் குறுக்களவில், இலைகள் வட்டமாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இலைகளில் மென்மையான மயிர்கள் உண்டு. மரம் நிற்க முடியாத இடத்தில் இது எவ்வாறு நிலைக்கிறது? இதற்குப் பௌதிகம் விடை சொல்கிறது.

வாய்க்காலில் நீர் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் ஓடும். காற்றும் அப்படியே. தரையைத் தொடும் காற்று, உராய்வின் காரணமாக ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. மேலே செல்லச் செல்ல வேகம் கூடுகிறது. இந்த மந்தமான அடுக்குக்கு 'எல்லைப் படலம்' என்று பெயர். நம் செடி அந்தப் படலத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அழுத்தம் நூறில் ஒரு பங்காகிவிடும் அல்லவா? தலைக்கு மேலே சூறாவளி; காலடியிலோ இளங்காற்று.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வெயில் காயும்போது தரை சூடேறுகிறது. அசையாத காற்று அந்தச் சூட்டை எளிதில் கடத்திக்கொண்டு போவதில்லை. ஆகவே தரையோடு படுத்திருக்கும் செடி, நம் தோளுயரத்துக் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலான வெப்பநிலையில் வாழ்கிறது. சிகரத்தில் ஆண்டின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இருக்கும் மலையில் இது சிறிய உதவியல்ல.

குளிர்காலத்தில் காற்று இந்த வெளியிலிருந்து பனியையும் வாரிக்கொண்டு போய்விடும். பனி ஒரு கம்பளிபோல் வெப்பத்தைக் காப்பது. அதை இழந்த இடத்தில் மற்றச் செடிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. போட்டிக்கு ஆளில்லாத இந்த இடமே நம் செடிக்குப் பொருத்தமாகிவிட்டது.

மண்ணுக்கடியில் வேறொரு தொல்லை. ஈர மண் உறையும்போது ஊசி ஊசியாகப் பனிக்கட்டி எழுந்து, மேலிருக்கும் கல்லையும் நாற்றையும் தூக்கிவிடும். நீர் உறையும்போது விரிவடைவதால்தான் இது நிகழ்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். நீரின் விரிவு 9 சதவீதமே. அதைக்கொண்டு இவ்வளவு எழுச்சியை விளக்க முடியாது. உறையும் பகுதி கீழிருந்து மேலும் மேலும் நீரை உறிஞ்சி இழுப்பதே முக்கியக் காரணம். இப்படி வேர் அறுந்து மாளும் நாற்றுகள் ஏராளம். ஆழமான ஆணிவேர் ஊன்றிவிட்ட செடியோ பல்லாண்டு வாழும்.

பூட்ஸின் கணக்கு

இத்தனையும் தாங்கிய செடி எதனால் அழியும் நிலைக்கு வந்தது? மனிதனின் காலால்தான்.

1819-இல் வெட்டத் தொடங்கிய கிராஃபோர்டு மலைப்பாதை இந்த வெளியின் ஊடாகச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியலார் நூற்றுக்கணக்கான செடிகளைப் பிடுங்கி உலர்த்தித் தாளில் ஒட்டினார்கள். அரிய செடி என்பதாலேயே அதற்கு அந்தக் கதி. பின்னர் மலையேறுவோர் கூட்டம் பெருகிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 372 கி.மீ. என்பது வினாடிக்கு 103 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்று கொள்ளலாம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5,300 நியூட்டன். அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 54 கிராம் எடை. இனி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு காலில் நிற்கும் கணத்தைக் கொள்வோம். பூட்ஸின் அடிப்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுவதாக வைத்தால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 467 கிராம். வரலாறு காணாத அந்தப் புயலைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்! அந்தப் புயலிலும் முழு வேகம் செடியை எட்டியிராது. பூட்ஸுக்கு எல்லைப் படலம் ஏது?

நசுங்குவது மட்டுமன்று. காலடி சரளையைப் புரட்டுகிறது. அடியிலுள்ள நுண்மண் வெளிப்பட்டுக் காற்றில் பறக்கிறது. ஊசிப் பனி எளிதாக வேலை செய்கிறது. புதிய நாற்று ஊன்ற இடமில்லாமல் போகிறது. விதைகளோ தாய்ச்செடியிலிருந்து சில சென்டிமீட்டருக்குள்ளேயே விழுபவை. பறந்துபோய் வேறிடம் தேடும் வசதி அவற்றுக்கு இல்லை. மகரந்தச் சேர்க்கையின்றியே விதை உண்டாவதால் தலைமுறைகள் ஏறத்தாழ ஒரே அச்சாக இருக்கின்றன என்பதும் கவலைக்குரியது. புதிய நோயோ வேறு மாற்றமோ வந்தால் அதைச் சமாளிக்கும் வேறுபாடு இக்கூட்டத்தில் குறைவு.

1980-இல் அமெரிக்க அரசு இதை அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது. அப்போது எஞ்சியிருந்தவை சில ஆயிரம் செடிகளே. 1983-இல் அப்பலாச்சிய மலைச் சங்கத்தாரின் முயற்சியால் பாதை அந்த வெளியை விட்டுத் திருப்பப்பட்டது. ஓரத்தில் தளர்கற்களை அடுக்கித் தாழ்வான ஒரு சுவர் எழுப்பினார்கள். நியூ இங்கிலாந்து காட்டுப்பூச் சங்கத்தார் விதையிலிருந்து நாற்றுகள் வளர்த்தனர். அவற்றுள் சில பிராங்கோனியா முகட்டில் நடப்பட்டுப் பிழைத்தன. செலவு என்று பார்த்தால் இத்திட்டம் மிக எளியது என்பேன். கல்லை அடுக்குவதற்கும் அறிவிப்புப் பலகை வைப்பதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 2002-இல் கணக்கெடுப்பு 14,000 செடிகளைத் தாண்டியதும், அபாயப் பட்டியலிலிருந்து இதன் பெயர் நீக்கப்பட்டது.

ஜூன் மாதத் தொடக்கத்தில், மலையேறுவோர் திரளும் முன்பே, பூக்கள் பெரும்பாலும் மலர்ந்து ஓய்ந்துவிடும். கோடையில் கற்சுவருக்கு அப்பால் நடந்து போகிறவர்களின் கண்ணுக்கு அந்த வெளி வெறும் சரளையாகவே தெரியும்.