சிறு நாயின் வயிறும் ஊட்டுவோர் பொறுப்பும்

வீட்டு நாய்க்கு உணவிடும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. ஆயினும் அவ்வழக்கை ஆராய்ந்து பார்த்தவர் சிலரே. வீட்டார் உண்டு மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் வழித்து ஒரு சட்டியில் இட்டுவிடுவதே நெடுங்கால முறை. தோட்டத்திலும் முற்றத்திலும் திரிந்து, இரவெல்லாம் காவல் காத்து, பதினைந்து கிலோவுக்கு மேல் எடை கொண்டிருந்த நாட்டு நாய் அவ்வுணவைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. இன்று பினாங்கு ஜார்ஜ் டவுனின் வரிசை வீடுகளில் பலர் விரும்பி வளர்ப்பனவோ சீசூ, பொமரேனியன், சிவாவா போன்ற சிற்றினங்கள். இரண்டு கிலோ முதல் ஏழு கிலோ வரையே இவற்றின் எடை. நாய் சிறுத்துவிட்டது, ஊட்டும் கை சிறுக்கவில்லை. இந்நாய்களுக்கு வரும் வயிற்று நோய்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 கலோரி உணவே தேவை. நம் ஊர்க் கடைகளிற் கிடைக்கும் ரொட்டி சானாய் ஒன்றில் ஏறத்தாழ 300 கலோரி உள்ளது. காலையில் நாம் உண்ணும்போது அதில் பாதியைப் பிய்த்து இட்டால், அதன் அன்றைய உணவில் பாதிக்கு மேல் அப்போதே முடிந்துவிட்டது என்று பொருள். அறுபது கிலோ எடையுள்ள மனிதரோடு ஒப்பிட்டால் அந்நாய் இருபதில் ஒரு பங்கு. நமக்கு ஒரு கவளம் என்பது அதற்கு ஒரு வேளை உணவு. எனவே, அன்றாட உணவுக்கு மேல் அன்பினால் இடும் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது கால்நடை மருத்துவர் கூறும் வரம்பு.

இனி, நாயின் செரிமான அமைப்பை நோக்குவோம். நாயின் பற்கள் கிழிப்பதற்கும் நொறுக்குவதற்கும் உரியவை. நம்மைப்போல் மென்று அரைப்பதற்கு உரியவை அல்ல. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதி நம் எச்சிலில் உண்டு. நாயின் எச்சிலில் இல்லை. அப்பணியை அதன் கணையமே செய்கிறது. ஆயினும், ‘நாய்க்குச் சோறே ஆகாது’ என்பாரின் கூற்றும் சரியன்று. ஓநாய்க்கும் நாய்க்கும் உள்ள மரபணு வேறுபாட்டைச் சுவீடன் நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்து 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதை அவர்கள் கண்டனர். மனிதரோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் நாயின் உடல் நம் உணவுக்கு ஓரளவு பழகிவிட்டது என்பதே இதன் கருத்து. ஆகவே வெந்த சோறு நஞ்சன்று. ஆனால் சோறு மட்டுமே போதுவதும் அன்று. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றின் புரதமும், சுண்ணாம்புச் சத்து முதலியனவும் அளவோடு சேர்ந்தால்தான் அஃது உணவாகும்.

தீங்கு பெரும்பாலும் சோற்றில் இல்லை. சோற்றோடு சேர்வதில் உள்ளது. நாசி கண்டார் பொட்டலத்தில் மிஞ்சும் குழம்பை எடுத்துக்கொள்வோம். அதில் எண்ணெய் மிகுதி. வெங்காயம் கரைந்து கிடக்கும். கொழுப்பு மிகுந்த உணவை ஒரே வேளையில் உண்ட நாய்க்குக் கணைய அழற்சி ஏற்படக்கூடும். கணையத்தின் நொதிகள் உணவைச் செரிப்பதற்கு மாறாகக் கணையத்தையே அரிக்கத் தொடங்கும் கொடிய நோய் இது. நாய் மீண்டும் மீண்டும் வாந்தி எடுக்கும், உணவை வெறுக்கும், வலி தாளாமல் முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். அதை விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது.

வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் தம் நஞ்சை இழப்பதில்லை. நாயின் சிவப்பணுக்களை அவை சிதைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் கேடு விளைக்கப் போதும். மூன்று கிலோ நாய்க்கு நடுத்தரப் பெரிய வெங்காயத்தில் பாதி இந்த அளவை எட்டிவிடும். தீங்கு உடனே தோன்றாமல் சில நாள் கழித்து, வெளுத்த ஈறாகவும் கருத்த சிறுநீராகவும் வெளிப்படுவதால், பலர் காரணத்தை உணர்வதில்லை.

பாற்சோறு மற்றொன்று. தாய்ப்பால் மறந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் நாய்களிடம் குறைந்துவிடுகிறது. பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு உண்டாகிறது. சமைத்த கோழி எலும்பு ஈட்டி முனைபோற் பிளந்து குடலைக் குத்தும். மாங்கொட்டையும் டுரியான் கொட்டையும் சிறு நாயின் குடலை அடைத்துவிடும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலில் நெடுநேரம் தங்கி இதயத்தைத் தாக்கும். சர்க்கரையில்லாத மெல்லும் மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தும். தீபாவளி போன்ற திருநாட்களில் இவையெல்லாம் நாய்க்கு எட்டும் உயரத்தில் கிடப்பதை நாம் அறிவோம்.

குருளைகளைப் பற்றித் தனியே கூறவேண்டும். நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கிறது. சிற்றினக் குருளை சில வேளை உண்ணாதிருந்தாலே இரத்தச் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். ஆதலின், வயிறு கெட்டால் பட்டினி போடுவது என்னும் பழைய மருத்துவம் அதற்கு ஆகாது. குருதி கலந்த கழிச்சலும் வாந்தியும் கண்டால் பார்வோ நச்சுயிர் நோயை ஐயுறவேண்டும். 1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. காலத்தில் போடாத குருளைகளே மிகுதியும் மடிகின்றன. கொக்கிப்புழுவும் குருளையின் குருதியை உறிஞ்சும். மலேசிய நாய்களிடம் காணப்படும் கொக்கிப்புழு வகைகளுள் ஒன்று இலங்கையின் பழைய பெயரால் ‘செய்லானிக்கம்’ எனப்படுகிறது. அது மனிதரையும் பற்றும். வெறுங்காலுடன் மண்ணில் விளையாடும் பிள்ளையின் தோலைத் துளைத்து உட்புகும். நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பது பிள்ளைக்கும் காப்பாகும்.

நாய் புல் தின்றால் வயிற்றுக் கோளாறு என்பது நம் பாட்டிமார் கூற்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தார் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, புல் தின்னும் நாய்களிற் பெரும்பாலானவை அதற்கு முன் நோயின்றியே இருந்தன என்றும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பின்னர் வாந்தி எடுத்தன என்றும் காட்டிற்று. எனவே புல்லைக் கண்டு அஞ்சவும் வேண்டா. புல்லே மருந்தென்று வாளாவிருக்கவும் வேண்டா.

வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தி எடுத்துப் பின் சுறுசுறுப்பாய் இருப்பின், நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, தோல் நீக்கி அவித்த கோழியையும் குழைந்த சோற்றையும் உப்பும் மசாலையும் இன்றிச் சிற்றளவில் ஊட்டலாம். வாந்தி தொடர்ந்தாலும், ஒரு நாளைக்கு மேல் கழிச்சல் நீடித்தாலும், மலம் கருத்தாலும் குருதி கலந்தாலும், ஈறு வெளுத்தாலும், வயிறு உப்பினாலும் மருத்துவரிடம் விரைக. மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாயினுள் கைவிடுதல் பேராபத்து. 2015 ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டிய வெறிநோய்க்கும் இவையே அறிகுறிகள்.

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் ‘மருந்து’. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பார்க்கு மருந்து வேண்டுவதில்லை என்பது அதன் நடுக்கருத்து. மனிதன் தன் அளவைத் தானே அறிய இயலும். நாய்க்கோ அவ்வறிவில்லை, இட்டதையெல்லாம் உண்ணும், இன்னும் வேண்டுமென்று வாலாட்டும். அதன் அளவை அறியும் பொறுப்பு முழுவதும் ஊட்டுவோரையே சேரும். வீட்டில் நாய்க்கு மேசையடியில் ஊட்டுவோர் பெரும்பாலும் பிள்ளைகளே. ஆதலின், அவ்வதிகாரத்தை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வொரு செய்தியையும் சேர்த்துச் சொல்வார்களாயின், குறளும் மாணவர் மனத்திற் பதியும். சில வாயில்லா உயிர்களும் பிழைக்கும்.