கோட்டை நடுவே ஒரு சிறு பூங்கா

பளையிலோ கிளிநொச்சியிலோ புகைவண்டி ஏறிக் கொழும்புக்குச் செல்லும் வடபுலத்தார் கோட்டை நிலையத்தில் இறங்குகின்றனர். அந்நிலையத்தின் பெயரை நாளும் சொல்பவருள், கோட்டை எங்கே என்று வினவுவோர் மிகச் சிலரே. வினவினும் சுட்டிக்காட்ட மதில் இல்லை. பூநகரியிலே சிறியதாயினும் ஒரு கோட்டையின் சுவர் கண்ணுக்குப் புலனாகின்றது. கொழும்புக் கோட்டையின் மதில்களையோ 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் இடித்து அகற்றிவிட்டனர். அவற்றின் இடத்தை வங்கிகளும் கப்பற் கம்பனிகளும் வாகன இரைச்சலும் நிரப்பின. எனினும் அந்தச் சந்தடியின் நடுவே, மூன்று ஐரோப்பிய ஆட்சிகளின் சுவடும் ஒருங்கே பதிந்த நிலத்துண்டு ஒன்று உண்டு. கோர்டன் பூங்கா என்பது அதன் பெயர்.

நிலையத்திலிருந்து மேற்கே நடந்து சதாம் வீதியின் முடிவை அடைந்தால் மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று எதிர்ப்படும். 1857இல் எழுந்த அக்கோபுரம் 1867 முதல் 1952 வரை வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. அங்கே வலப்புறம் திரும்பும் தெருவே முன்னாளில் குயின்ஸ் வீதி எனப்பட்ட ஜனாதிபதி மாவத்தை. ஒருபுறம் 1895இல் திறக்கப்பட்ட பழைய பெரிய தபாற்கந்தோர்க் கட்டடம். மறுபுறம் ஜனாதிபதி மாளிகை. அம்மாளிகையை அடுத்த மரச்செறிவே நாம் தேடும் பூங்கா.

அந்நிலத்தில் முதலிற் பூஞ்செடிகள் இருந்தனவல்ல. போர்த்துக்கேயர் அங்கே புனித பிரான்சிஸ்குவின் பெயரால் கோவில் வைத்திருந்தனர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்விடத்தைத் தம் சமயத்தவரின் வழிபாட்டுக்கு ஆக்கினர். அவர்தம் தேசாதிபதிகளும் பிரபுக்களும் இறந்தபோது அதன் நிலத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டனர். 1796இல் ஆங்கிலேயர் வந்தபின் கோவில் சிதைந்து கூரையிழந்தது. 1813இல் அங்கே கிடந்த எலும்புகளையும் கல்லறைக் கற்களையும் எடுத்து, இராக்காலத்திலே தீவட்டி ஊர்வலமாகப் புறக்கோட்டைக்கு அப்பாலுள்ள வுல்வெண்டால் தேவாலயத்துக்குக் கொண்டு சென்றனர். ஆட்சியிழந்த ஓர் இனத்தார் தம் முன்னோரை இருளில் சுமந்து சென்ற அக்காட்சியைச் சற்றே மனக்கண்ணிற் காண்க.

வெறுமையாய்க் கிடந்த அந்நிலத்தைப் பூங்காவாக்கியவர் 1883 முதல் 1890 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் கோர்டன். விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா நினைவாகத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அதனை அமைத்தார் என்பர். மகாராணியின் பளிங்குச் சிலை ஒன்று நெடுங்காலம் அங்கே நின்று, பின்னர் அகற்றப்பட்டது. கந்தோர் எழுதுநரும், தபாற்கந்தோருக்கு வந்தோரும், கப்பலுக்குக் காத்திருந்த பயணிகளும் மரநிழலில் இளைப்பாறிச் செல்லும் இடமாய் அது விளங்கியது.

சிலையினும் சிறந்த காட்சிப்பொருள் ஒன்று அப்பூங்காவுக்கு வாய்த்தது. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு 1875 டிசெம்பரில் அடிக்கல் நாட்டியவர் அந்நாளைய வேல்ஸ் இளவரசர். யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரமும் அவருடைய அந்த வருகையின் நினைவாகவே எழுந்தது. அவ்வணைப் பக்கத்தில் 1898இல் வேலை நடந்தபொழுது பெரும் பாறை ஒன்று வெளிப்பட்டது. அதிலே போர்த்துக்கல் அரசின் இலச்சினையும் சிலுவையும் செதுக்கப்பட்டிருந்தன. கீழே ஓர் ஆண்டிலக்கம். பார்ப்போர் கண்ணுக்கு அது 1501 எனத் தோன்றியது. பாறையைப் பெயர்த்துப் பூங்காவில் வைத்தனர்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 என்றே பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். கல்லோ நான்கு ஆண்டு முந்திப் பேசுகின்றது. கல்லில் வெட்டிய எழுத்தென்பதால் நம்பிவிடலாமா? வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தது 1498இல். இலங்கைக்கு முதலில் வந்தவரெனப்படும் லொறென்சோ டி அல்மெய்தாவின் தந்தை பிரான்சிஸ்கோ, முதல் இராசப்பிரதிநிதியாக லிஸ்பனை விட்டுப் புறப்பட்டதே 1505 மார்ச்சில்தான். ஆகவே மகன் 1501இல் கொழும்பில் கல் வெட்டுவித்திருத்தல் இயலாது. இலக்கம் தேய்ந்து மாறிற்றா, பின்வந்தோர் பிழைபட வெட்டினரா என்பதே ஆராயத்தக்கது. 1505தானும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. போர்த்துக்கேய ஏடுகளை ஒப்புநோக்கிய டொனால்ட் பெர்குசன் என்னும் அறிஞர், வருகை நிகழ்ந்தது 1506இல் என்று 1907இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார்.

போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பாரோஸ் இதனையொட்டிச் சுவையான செய்தியொன்று தருகின்றார். லொறென்சோவின் வருகையைக் குறிக்க நாட்டிய கல்லின் அடியில், அதைச் செதுக்கிய கொன்சாலோ கொன்சால்வெஸ் என்ற தச்சன் தன் பெயரையும் வெட்டிக்கொண்டானாம். கல் தச்சனுடையது என்பது உறுதி என்னும் கருத்துப்பட அவர் சற்றே நகையாடுகின்றார். பூங்காவிற் சேர்ந்த பாறையிலே காணப்படுவன இலச்சினையும் சிலுவையும் இலக்கமுமே. தச்சன் பெயர் பொறித்த கல் வேறொன்றாகவே இருத்தல் வேண்டும்.

ஓர் ஆசிரியர் முப்பது பிள்ளைகளை அந்தப் பாறையின் முன் நிறுத்தி, “இதை நம்பலாமா?” என்று ஒரே வினா விடுத்தால் போதும், ஒரு தவணை முழுதும் வகுப்பறையிற் கற்பிக்க இயலாதது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். அந்த வாய்ப்பு இன்று எளிதன்று. 1980ஐ ஒட்டிப் பூங்கா மாளிகை வளவோடு இணைக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு அடைபட்டது. பாதுகாப்பு என்ற காரணம், போர் நிகழ்ந்த ஆண்டுகளில் மறுத்துரைக்க முடியாததாயிருந்தது. 2022 யூலை 9ஆம் நாள் மக்கள் வெள்ளம் மாளிகைக்குள் புகுந்தது. அன்று அவர்கள் தேடியது பழங்கல்லை அன்று. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டபடியால், ஆண்டிற் சில நாளேனும் மாணவருக்கு அவ்வாயிலைத் திறந்துவிடுதல் தகும்; மக்களுக்கென்று அமைத்த பூங்காவிலே மக்களுக்குப் பங்கு கேட்பது மிகையாகாது.

அதுகாறும் கொழும்பு செல்வோர் வுல்வெண்டாலுக்குப் போகலாம். புறக்கோட்டைச் சந்தடியைக் கடந்து மேட்டில் ஏறினால், 1757இல் திறக்கப்பட்ட அத்தேவாலயம் தடித்த சுவர்களோடு நிற்கின்றது. தீவட்டி வெளிச்சத்தில் வந்த கற்கள் அங்கே உள்ளன. அவற்றிலே பொறித்த பெயர்களையும் ஆண்டுகளையும் குனிந்து பார்த்தால் இன்றும் வாசிக்கலாம்.