சிமெண்ட் சூளைக்கு உமி: கொடுக்குமுன் ஒரு கணக்கு

திருவானைக்காவலிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். குப்பையாகக் கிடந்த உமி இன்று விலைபொருளாகிவிட்டது. நெல் அவிக்கும் பாய்லரும் செங்கல் சூளையும் மட்டுமல்ல, நாட்டின் பல சிமெண்ட் ஆலைகளும் இன்று நிலக்கரியோடு உமியையும் மற்ற விவசாயக் கழிவுகளையும் எரிக்கின்றன. கல்லக்குடியில் 1939-ல் தொடங்கிய டால்மியா ஆலையும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆலைகளும் இங்கிருந்து எட்டிவிடும் தூரமே. டால்மியா நிறுவனம் 2040-ஆம் ஆண்டை இலக்காக வைத்துக் கரிப்புகையைக் குறைக்கப் போவதாக அறிவித்திருக்கிறது.

நூறு கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. நான்கு கிலோ உமி ஏறத்தாழ மூன்று கிலோ நிலக்கரியின் சூட்டைத் தரும். எரிந்தபின் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். பாய்லருக்கு அது தலைவலி. சிமெண்ட் சூளைக்கோ மூலப்பொருள்! சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்தான சிலிக்கா. 1,450 டிகிரியில் சுண்ணாம்புடன் கலந்து அது கிளிங்கராகிவிடுகிறது. அள்ளிக் கொட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. கண்ணாடி உலைக்கு இந்த வசதி கிடையாது. சாம்பல் விழுந்தால் கண்ணாடி கெடும். வாயுவாக்கிச் சுத்தம் செய்துதான் எரிக்க வேண்டும்.

ஆனால் உமியால் மட்டும் ஆலை ஓடாது. ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 250 கிலோ உமி, அதாவது ஒன்றேகால் டன் நெல்லின் உமி தேவை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கிளிங்கர் சுடும் ஆலைக்குப் பன்னிரண்டரை லட்சம் டன் நெல்லுக்கு எங்கே போவது? உமி பஞ்சுபோல இடத்தை அடைப்பதால் லாரி நிறைந்தாலும் எடை ஏறாது. தூரம் கூடினால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். சூளைப் புகையில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது என்பதையும் மறக்கலாகாது. எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது.

வைக்கோல் விஷயம் வேறு. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. அந்தச் சத்தும் குளோரினும் சூளையின் மேல் கோபுரத்தில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆலைக்காரரும் அதை அளவோடுதான் எடுப்பர். மாடு வைத்திருப்பவர் விற்கத் தேவையில்லை. விற்பவர் அடுத்த போகத்துக்குப் பொட்டாஷ் உரத்தைக் கூட்டிப் போட வேண்டியிருக்கும். வாழைக்கும் இந்தச் சத்து அதிகம் வேண்டும். தீவுப் பகுதி வாழைக்காரர் மட்டையையும் தண்டையும் மக்க வைப்பதே நல்லது. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், எரியவும் எரியாது.

பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திமாருக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். வயலில் விட்டால் காய்ப்புழு தங்கும். பிடுங்கி, நன்றாகக் காயவைத்து, நறுக்கிக் கட்டினால் லாரியில் எடையும் நிற்கும். ஈரத்தோடு ஏற்றினால் சூளையின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்; விலை பேசும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.