மூச்சும் தசையும் – 11: கேனில் கூட்டும் ஒரு லிட்டர்

“ஓடுனா சதை கரைஞ்சிடும்கறாங்க, நெசமாண்ணா?”

அரூரில் சித்தேரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இப்படிக் கேட்டான் ஒரு மலைப் பையன். காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். காலையில் மேலே ஊரில் ஓட்டம். வாரத்தில் சில நாள் கீழே இறங்கி ஜிம். ஓடப் பழக்குகிறவர் வெயிட் பக்கம் போகாதே என்கிறார், வெயிட் சொல்லித் தருகிறவர் ஓடாதே என்கிறார். இரண்டு மாமியார் வாய்த்த மருமகள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தான்.

அவன் கேட்ட கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வயது. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்கர், பளு தூக்கி ஏற்றிய உடம்போடு செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஹாலோசி தினமும் ஓடுகிறவர். குருவோடு சேர்ந்து ஓடிய சீடனுக்குத் தசை வற்றத் தொடங்கியது. போய் முறையிட்டார். உனக்கென்று ஆய்வுக்கூடம் அமைந்ததும் முதல் வேலையாக இதை ஆராய்ந்து பார் என்றாராம் குரு. ஹிக்சன் ஆராய்ந்தார். கட்டுரை 1980-ல் வந்தது.

பத்து வாரப் பயிற்சி, மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு வாரம் 5 நாள் எடை. இரண்டாவதற்கு வாரம் 6 நாள் மூச்சு வாங்கும் பயிற்சி, அதாவது கார்டியோ. மூன்றாவது குழு இரண்டையும் முழுசாகச் செய்தது. ஏழு வாரம் வரை மூன்றாம் குழுவின் கால் வலுவும் முதல் குழுவோடு ஒட்டித்தான் ஏறியது. பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. மூச்சுத்திறன் மட்டும் குறையவில்லை. எடை தூக்கியதால் அதற்கு ஒரு கேடும் வரவில்லை.

இந்த ஆய்வை வைத்துத்தான் ‘கார்டியோ செய்தால் தசை போச்சு’ என்று ஜிம்களில் பயம் காட்டுகிறார்கள். மூன்றாம் குழுவின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குப் பதினொரு பயிற்சி. மாட்டைக்கூட யாரும் அப்படி ஓட்டுவதில்லை.

உள்ளே நடப்பது இது. எடை தூக்கினால் ‘எம்டார்’ என்ற புரதம் விழித்துக்கொண்டு தசையைக் கட்டு என்கிறது. நெடுநேரம் ஓடிக் கையிருப்புச் சக்தி குறைந்தால் ‘ஏஎம்பிகே’ என்ற இன்னொன்று எழுந்து, வீட்டில் அரிசி இல்லை, கட்டட வேலையை நிறுத்து என்கிறது. தசை கரைகிறது என்று சொல்வதைவிட, கட்டுமானம் தள்ளிப்போகிறது என்பதே சரி. வீட்டில் அரிசி இருந்தால்? பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2022-ல் வெளியான ஒரு கட்டுரை, இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசைப் பருமனுக்கும் உச்ச வலுவுக்கும் பாதிப்பில்லை என்றது. தாவுவது, சட்டென்று பாய்வது ஆகியவற்றுக்கான வேகம் மட்டும் கொஞ்சம் அடிபடும். அதுவும் இரண்டையும் அடுத்தடுத்து ஒரே வேளையில் செய்தால்தான்.

இனி மலைக்கு வருவோம். சித்தேரி ஊராட்சி என்பது மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் கூட்டம். கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்களிலிருந்து சாலை இல்லாமல் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த செய்திகளை நீங்கள் படித்திருக்கலாம். தலையில் மூட்டை, காலடியில் ஏற்றம்: வெயிட்டும் கார்டியோவும் ஒரே நேரத்தில். அப்படியானால் இங்குள்ளவர்களுக்குத் தொடை தூண் மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? பெரும்பாலோர் ஒல்லி. நரம்போடிய, இறுகிய கால்கள்.

மூட்டையின் எடை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால்தான் இப்படி. உடம்பு அந்த எடைக்குப் பழகியதும் இது போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. தசை பருக்க வேண்டுமானால் இனி ஒருமுறைகூட முடியாது என்ற நிலைக்கு அருகில் அதைக் கொண்டுபோக வேண்டும். அது சமாளித்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். மலை மூச்சைத் தரும், உரத்தைத் தரும். எடையை மட்டும் தானாகக் கூட்டித் தராது.

அதை நாம்தான் கூட்ட வேண்டும். இதற்கு ஜிம்மே தேவையில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. பத்து லிட்டர் ஊற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். பன்னிரண்டு, பதினைந்து தடவை சுலபமாக வந்தால் அடுத்த வாரம் ஒரு லிட்டர் கூட்டுங்கள். கேன் நிரம்பிவிட்டால் மணல் மூட்டைக்கு மாறுங்கள்.

வாரம் மூன்று நாள் எடை, மூன்று நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. இரண்டும் ஒரே நாளில் வந்தே தீருமென்றால் காலையில் எடை, மாலையில் ஓட்டம். நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம். இன்னொன்றும் உண்டு, மலைக்காரர்களுக்கு மட்டும். ஏறும்போது வாங்குவது மூச்சு, அடிபடுவது இறங்கும்போது. இறக்கத்தில் முன்தொடை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குவதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி எடுக்கும். செங்குத்தாக இறங்கிய மறுநாள் கால் பயிற்சி வேண்டாம், தண்டால் எடுங்கள்.

அந்தப் பையனுக்கு உண்மையில் பெரிய தசையே தேவையில்லை என்பது என் எண்ணம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும்; கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. அதைத் தாண்டினால் கயிறு ஏற வேண்டும். கயிற்றில் தூக்க வேண்டிய எடை அவன் உடம்புதான். சும்மா ஏறிய ஒவ்வொரு கிலோவும் அங்கே சுமை. முதுகும் கைப்பிடியும் வலுத்தால் போதும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அவன் கோட்டைவிட்டிருந்தான். வெறும் வயிற்றோடு ஓட்டம், பகலில் சோறும் ரசமும். 60 கிலோ உடம்பு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 300 கலோரி செலவு. 100 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களி அதை ஈடுகட்டிவிடும். புரதம்தான் இடிக்கும். தசை கட்டுகிறவருக்கு உடம்பின் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தரும். அவனுக்கு 96 கிராம். 100 கிராம் கொள்ளில் 22, நாலு முட்டையில் 24, 50 கிராம் வேர்க்கடலையில் 12, அரை லிட்டர் பாலில் 16. மிச்சத்தைச் சாமையும் கேழ்வரகும் பார்த்துக்கொள்ளும். புரத மாவு டப்பா வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். முட்டை வாங்கு என்றேன்.

“அப்ப ரெண்டுமே பண்ணலாமாண்ணா?”

“பண்ணு. சாப்ட்டுட்டுப் பண்ணு.”

பஸ் வந்துவிட்டது. படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை: இன்று கேனில் எத்தனை லிட்டர் ஊற்றினீர்களோ, அதைத் தேதியோடு சுவரில் கரியால் எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த எண் மாறாமல் இருந்தால், ஓட்டத்தைத் திட்டாமல் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

(தொடரும்)